ஆறு மாத அடைப்பு

ஆனி 9, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். குரங்குகள் மாடித் தொட்டி மூடியைத் தள்ளிவிட்டன, மறுபடியும். மேலே கல் வைக்க வேண்டும். கேஸ் பதிவு. எலுமிச்சை ஊறுகாய் கிளற.

பின் போர்ஷன் மூர்த்தியை ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஈரல் போய்விட்டதாம். அவர் மனைவி தேவகியும் ஆட்டோக்காரரும் தூக்கிவந்து உள்ளறை மூலையில் படுக்க வைத்தார்கள்.

"எவ்ளோ நாள் சொன்னாங்க?" என்றேன்.

"நாள்லாம் சொல்லலக்கா. ஊட்ல வச்சுப் பாத்துக்கினு இருங்கன்னாங்க."

யார் வீட்டில்?

காலண்டர் பார்த்தேன். வியாழன் விடிந்தால் அவிட்டம். அதிலிருந்து ஐந்து நாளும் ஆகாத நட்சத்திரம். அப்போது உயிர் போனால் வீட்டை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். அடைப்பு. அதற்கப்புறம் மட்டும் யார் குடிவருவார்கள்? அடுத்த தெருவில் ஒரு வீடு இப்படித்தான் இரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது.

ஆனி 10, செவ்வாய்

இவரைப் போய்ப் பேசச் சொன்னேன். அரக்கோணம் ரயிலுக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டார். எப்போதும் நான்தான் கெட்டவள்.

நானே போனேன். மூர்த்தி விழித்துக்கொண்டுதான் இருந்தார். கண் முழுக்க மஞ்சள். இருந்தும் நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"கே.ஜி.கண்டிகைல உன் பாவா, மூர்த்தியோட அண்ணன் வீடு இருக்குதே. அங்க கூட்டிகினு போயேன்."

"பாவா ஊட்ல ஒரே ரூம்புக்கா. வேணாம்னுட்டாரு, சொந்தத் தம்பியவே."

"இங்க மட்டும் எப்படி தேவகி? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

மூர்த்திதான் சொன்னார்: "வியாழனுக்குள்ள போயிட்றேங்க."

அவருக்கும் காலண்டர் தெரிந்திருக்கிறது.

ஆனி 11, புதன்

பின் போர்ஷன் குழாயை மேலேயே மூடினேன். மோட்டார் ரிப்பேர் என்றேன். தேவகி தெருக்குழாயிலிருந்து ஒன்பது குடம் சுமந்தாள். படுக்கைத் துணி வேறு துவைக்க.

"உங்க ஊட்ல தண்ணி வருதேக்கா?"

"ஆங், அது வேற லைன்."

மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டேன்.

ஆனி 12, வியாழன்

ஒன்பது மணிக்கு ஆட்டோவை நானே வரவழைத்தேன். தேவகி மறுக்கவில்லை. ஆச்சரியம். மூர்த்தியைப் போர்வையோடு அணைத்தபடி ஏறினாள். அவர் தலை அவள் தோளில்.

"பாவா சம்மதிச்சுட்டாரா?"

"வாசல்லயாவது எறக்குறேன்க்கா."

கேட்டைத் திறந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குச் செய்தி. கண்டிகை போவதற்குள், ஆட்டோவிலேயே முடிந்துவிட்டதாம். கேட்டுக்கு வெளியே. முருகா! குழாயைத் திறந்துவிட்டேன். வடைக்கு ஊறப் போட்டேன்.

ஆனி 21, சனி

தேவகி வந்தாள், சாமான்களை எடுத்துப்போக. இரண்டு மூட்டை, ஒரு அடுப்பு. தரையைக் கழுவிவிட்டாள், நான் சொல்லாமலேயே. சாவியை நீட்டியபடி சொன்னாள்:

"அவரு ஆட்டோல போவலக்கா. இங்கதான். காலைல ஆறரைக்கு, நான் காபி ஆத்திக்கினு வர்றதுக்குள்ள."

சாவிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"பொணம்னா ஆட்டோக்காரரு ஏத்த மாட்டாரு. நீங்களும் வச்சு அழ வுடமாட்டீங்க. ரெண்டரை மணி நேரம் கையக் கால அமுக்கி வுட்டுக்கினு இருந்தேன், வெறச்சிடக் கூடாதுன்னு. வாய்ல துணிய வச்சுக்கினேன். அழுதா உங்களுக்குக் கேக்கும்."

"ஏன்டி இப்ப வந்து சொல்ற?"

"உங்களுக்குத் தெரியணும்னுதான். பூட்டி வைக்கிறதோ தொறந்து வுடுறதோ, உங்க இஷ்டம்."

சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

இவரிடம் சொல்லவில்லை.

ஆனி 23, திங்கள்

லேசான தூறல். வீடு பார்க்க ஓர் இளம் ஜோடி, கைக்குழந்தையோடு. நல்ல மாதிரி.

"தண்ணி கஷ்டம் இல்லீங்களே?" என்றான் பையன்.

"எந்நேரமும் வரும்."

"முன்ன இருந்தவங்க ஏங்க காலி பண்ணாங்க?" என்றாள் அந்தப் பெண்.

"ஊருக்குப் போயிட்டாங்கம்மா."

குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டார்கள். உள்ளறைக்குத் தவழ்ந்து போனது. அந்த மூலையிலேயே உட்கார்ந்து கைதட்டியது.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள்.