ஐரிஸ் கிழங்குகளும் உன் பக்கத்து வீட்டுக்காரியும்

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிவந்த இஞ்சியைக் கழுவ எடுத்தபோது உன் நினைவு வந்தது. கனடாவில் உன் வீட்டுத் தோட்டத்தில் நடவென்று வாங்கிய ஐரிஸ் பூச்செடியின் கிழங்கை நீ முதன்முதலாகத் தொலைபேசித் திரையில் தூக்கிக் காட்டியபோது, இஞ்சி என்றுதான் நினைத்தேன். நீ சிரித்தாய். உனக்குப் பின்னால் நின்று இன்னொருத்தியும் சிரித்தாள். பக்கத்து வீட்டு மரியா. அன்றைக்கே அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். நீ அங்கே போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் நமக்கே உரியவையாக இருந்தன. பிறகு கதையெல்லாம் கிழங்காகிவிட்டது. கோடை முடியுமுன் நடவேண்டுமாம். கிழங்கின் முதுகில் வெயில் படவேண்டுமாம், ஆழப் புதைத்தால் அழுகிவிடுமாம். முதல் பனிக்காலம் முடிந்து பார்த்தால், உறைந்து இளகிய மண் கிழங்குகளை வெளியே தள்ளியிருந்ததாம். நீயும் மரியாவும் முழந்தாளிட்டு மறுபடி அமுக்கி வைத்தீர்களாம். இங்கே என் பல்கனியில், உப்புக்காற்றில் கற்பூரவள்ளிகூடக் கருகிக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஒரு கிழங்கு அனுப்பன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"குளிர் படாட்டி அது பூக்காதடி. அங்க வச்சு என்ன செய்யப்போறாய்?" என்றாய். திரையில் என் முகத்தைப் பார்த்து, "உனக்கு மரியாவில எரிச்சல்" என்றாய்.

"ஓம், எரிச்சல்தான்."

உனக்கு அது சந்தோஷமாக இருந்ததென்று உன் முகத்தில் தெரிந்தது.

அடுத்த பனிக்காலத்தில், ஒரு சொல்லும் சொல்லாமல், உன் இதயம் நின்றுவிட்டது. விசா எடுத்து நான் வந்துசேர வழியில்லை. உன் சவப்பெட்டியருகில் மரியா நின்றாள். நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை அவள் அழைத்து முதற் பூவைக் காட்டினாள். கடும் ஊதா. அவள் அழுதாள், நானும் அழுதேன். அப்போதும், அதை நேரில் பார்ப்பவள் அவளாயிற்றே என்று வயிறு எரிந்தது. பிறகு ஆங்கிலத்தில் ஒன்று கேட்டாள். ஒவ்வொரு கிழங்கையும் நட்டு மண்ணை அமுக்கும்போது நீ 'மூக்கி' என்று மெல்லச் சொல்வாயாம். தமிழில் இந்தப் பூவுக்கு அதுதான் பெயரா என்றாள்.

வகுப்பில் நீ எனக்கு வைத்த பட்டம் அது. உன்னைத் தவிர ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அர்த்தம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். பூவை அவள் வைத்திருக்கட்டும். பெயரை நான் வைத்திருக்கிறேன். கூப்பிடத்தான் ஆளில்லை.