ஹுவாரெஸிலிருந்து தெற்கே திரும்பாதே

லாஸ் பரோத்தாஸ்,
அக்டோபர், ஞாயிறு பூசை முடிந்து.

அன்பு மகன் லோலோவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் டெனீஸும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று இந்தத் தடவை முதல் வரியில் எழுதப்போவதில்லை, உன் வக்கீலம்மாவுக்குப் பயந்துதான். அவள் கேட்டாள் என்று ஊர் நிலவரத்தை வாக்குமூலமாக எழுதி அனுப்பினேனே, எலுமிச்சைத் தோப்பில் கும்பல்காரர்கள் கண்ணிவெடி புதைத்திருப்பதையும் ஆகாயத்திலிருந்து குண்டு விழுவதையும் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே பழக்கதோஷத்தில் 'ஆண்டவர் கிருபையால் இங்கு அனைவரும் நலம், புதிதாக ஒன்றுமில்லை' என்று ஆரம்பித்துவிட்டேனாம். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அதிகாரி முதல் வரியைப் படித்துவிட்டு, நலமாகத்தானே இருக்கிறார்கள், மருமகளும் அங்கேயே போய்க் குடித்தனம் நடத்தட்டும் என்று மனுவைத் தள்ளிவிடுவாராம். நான் என்ன செய்வேன், என் அம்மா அப்படித்தான் எழுதினாள், நடுவீட்டில் பிணத்தைக் கிடத்தியிருந்தாலும் இந்த ஊரில் கடிதம் அப்படித்தான் தொடங்கும். புதிய வாக்குமூலத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் யாரும் நலமில்லை.

நீ அனுமதியில்லாமல் எல்லை தாண்டியதை மன்னிக்க வேண்டுமானால், உன்னைப் பிரிந்தாலும் உன்னோடு இங்கே வந்தாலும் அமெரிக்காக்காரியான டெனீஸ் தாங்கமாட்டாள் என்று காட்ட வேண்டும் என்கிறாய். அம்மா படும் பாடு கணக்கில் சேராதா என்று நீ கேட்டாயாம், உன் அம்மா இந்த நாட்டுக்காரியா என்று வக்கீலம்மா திருப்பிக் கேட்டாளாம். சரி, பெற்றவள் படுவது சட்டப்படி கஷ்டமில்லை, தெரிந்துகொண்டேன். டெனீஸ் தன் வாக்குமூலத்தில் 'அவர் இல்லாவிட்டால் எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கும்' என்று எழுதியிருக்கிறாள் என்றாயே, கொஞ்சமாவது மண்ணாங்கட்டியாவது! அவள் டொர்ட்டியா ரொட்டி தட்டினால் அமெரிக்கா வரைபடம் மாதிரி வரும் என்று நான் கேலி செய்திருக்கிறேன், அதையெல்லாம் மனதில் வைக்காமல் மாமியார் சொல்வதை ஒரு தடவை கேட்கச் சொல். அவளுக்கு இழுப்பு வருவதையும், குழந்தை கலைந்ததையும், நீ பக்கத்தில் படுக்காவிட்டால் தூக்கம் பிடிக்காததையும் வெட்கப்படாமல் எழுதட்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

இப்போது உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். மன்னிப்பு கிடைத்ததும் தூதரக நேர்காணலுக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஹுவாரெஸுக்கு வர வேண்டும், விசா முத்திரை விழும்வரை அங்கே காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் பேருந்து பிடித்து நாலு நாள் ஊருக்கு வந்து என் கையால் சோறும் பன்றிக்கறியும் தின்றுவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த உன் அப்பா எழுந்துபோய்ப் பன்றித் தொட்டி பக்கம் நின்றவர் சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிள்ளை வருகிறேன் என்கிறான், எந்தத் தாயாவது வேண்டாம் என்பாளா. நான் சொல்கிறேன், வராதே. ஏன் என்று கேட்பாய், எழுதுகிறேன், டெனீஸுக்குப் படித்துக்காட்டாமல் தனியாகப் படி.

உன் சித்தி ஆம்பாரோவின் மகன் ஃபிதென்சியோ கிறிஸ்துமஸுக்கு வந்த இடத்தில் லாரி மோதி இறந்தான் என்று உனக்குச் சொல்லியனுப்பியிருந்தோம். லாரியும் இல்லை ஒன்றும் இல்லை. வடக்கு நம்பர் போட்ட வண்டியில் வந்தான், ஊர் எல்லையில் பாறாங்கல் அடுக்கி மறித்து நிற்கிற கும்பல்காரர்கள் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டிருக்கிறார்கள். யார் கேட்டாலும் தொப்பியைக் கழற்றி அப்பன் பேர், பாட்டன் பேர், தோப்பு இருக்கும் இடம் எல்லாம் சொல்ல வேண்டும் என்றுதானே உங்களை வளர்த்தோம், அவனும் வளர்த்தபடி சொல்லியிருக்கிறான். அன்று சாயங்காலமே சித்தி வீட்டு வாசலில் நின்று கப்பம் கேட்டார்கள், கொடுத்தார்கள், மறுவாரம் மறுபடியும் கேட்டபோது கொடுக்க இல்லை. நான் டொர்ட்டியா கடையில், சுற்றி எடுத்துவரும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் முன்னாலேயே முழங்காலில் சுட்டார்கள். அவன் விழுந்து அம்மா அம்மா என்று கத்தினான். கத்துகிற வாயிலேயே அடுத்த குண்டைச் சுட்டார்கள். டொர்ட்டியா சுடும் இயந்திரத்தை நிறுத்தக்கூட யாருக்கும் கை வரவில்லை, டொர்ட்டியாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விழுந்துகொண்டே இருந்தன. இருட்டும்வரை பிணத்தை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆம்பாரோ வீட்டிலிருந்து ஒரு நாற்காலியும் துடைப்பமும் கொண்டுவந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை நாய்களை விரட்டினாள்.

சுட்டவன், தவளை என்று கூப்பிடுவோமே, அவன்தான். உனக்குத் தெரியும், பாலாடைக்கட்டி விற்றாளே அவள் மகன், அந்த அகல வாய்க்காரன், நீ ஆற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்த பையன். பிப்ரவரியில் அவனும் இன்னும் இரண்டு பேரும் நம் வீட்டுக்குள் வந்தார்கள். அப்பாவைச் சுவரோடு நிறுத்தி அவர் கழுத்தில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, "ஏன் ஆத்தா, லோலோ வடக்கே நல்லா சம்பாதிக்கிறானாமே, ஒரு ஃபோன் போடு, நானும் ரெண்டு வார்த்தை பேசுறேன்" என்று சிரித்தான். எனக்கு மூளைக்கு முன்னால் வாய் ஓடும் என்று நீதான் சொல்வாயே, ஓடிவிட்டது. "யாருக்குடா ஃபோன் போடச் சொல்ற? புடிச்சு வெளிய தள்ளிட்டானுங்க, மறுபடி தாண்டப் போயி பாலைவனத்துல தண்ணியில்லாம செத்தான்டா எம்புள்ள, பொணம்கூட கெடைக்கல" என்றேன். அவன் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தான். "புள்ள செத்த வீட்டுல நவநாள் ஜெபம் எங்க? மெழுகுவத்தி எங்க? எங்கம்மா நாய் செத்தாக்கூட ஜெபமாலை சொல்லுவா. என்னை என்ன கேணப்பயன்னு நெனச்சியா?" என்று கேட்டுக்கொண்டே துப்பாக்கிக் கட்டையால் அப்பா வாயில் இடித்தான். முன்பற்கள் மூன்று போயின. பிணம் வரும் என்று காத்திருந்தோம், நாளைக்கு ஆரம்பிக்கிறோம் என்று நான் அவன் கையைப் பிடித்தேன். வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்பா ஃபோனை அம்மிக்கல்லில் வைத்து நொறுக்கினார், இனிமேல் அழைக்காதே என்று நம் கடிதங்களைக் கொண்டுபோகிற கன்னியாஸ்திரி மூலம் உனக்குச் சொல்லியனுப்பியது அதனால்தான். மறுநாள் நவநாள் ஜெபத்துக்காகத் தரையில் சுண்ணாம்பால் உனக்குச் சிலுவை போட்டோம். ஊர் முழுக்க வந்தது, சர்க்கரையும் காப்பித்தூளும் கொண்டுவந்தார்கள். முதல் இரண்டு நாள் நான் நடித்தேன். மூன்றாம் நாள் உன் பெயரைச் சொல்லி ஆன்ம இளைப்பாற்றிக்கு ஜெபித்தபோது எனக்கு நடிப்பு மறந்துபோய்விட்டது, மயங்கி விழுந்தேன் என்று பிறகு சொன்னார்கள். ஆம்பாரோ என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, இனிமே நீயும் நானும் ஒண்ணுக்கா" என்றாள். அவளிடம் உண்மையைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். என்னை ஆண்டவர் மன்னித்தாலும் அவள் மன்னிக்கமாட்டாள்.

ஒன்பதாம் நாள் சிலுவை எடுக்கும் சடங்குக்குத் தவளை வந்தான், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, துப்பாக்கியை வாசலில் ஒருவனிடம் கொடுத்துவிட்டு, ஒரு கூடை ரொட்டியோடு வந்தான். சிலுவையின் தலைப்பக்கத்துச் சுண்ணாம்பை அள்ள வேண்டிய ஞானத்தந்தை யார் என்று ஜெபம் சொல்கிறவள் கேட்டபோது, "நான்தான். நான் ஆத்துல முங்குனப்ப முடியப் புடிச்சுத் தூக்கினவன் அவன்" என்று முழங்காலிட்டான். அப்பா பீடத் துணிக்கு அடியில் அரிவாளை ஒளித்துவைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் குனிந்தார், நான் அரிவாள்மேல் காலை வைத்து அழுத்தினேன், பாதம் கிழிந்தது, காலை எடுக்கவில்லை. தவளையின் பின்கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது லோலோ, ஒரே வெட்டுதான், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் இருந்தவர்கள் வீட்டோடு எல்லோரையும் கொளுத்தியிருப்பார்கள். அவன் சுண்ணாம்பைக் கையில் அள்ளிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான், நிஜமாகவே அழுதான். ஆம்பாரோ பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். ஜெபம் முடியும்வரை அவள் கோடாலியால் விறகு பிளக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, எல்லோரும் சத்தம் போட்டுப் பாடினோம். போகும்போது அவன், "இனிமே நானும் இந்த வீட்டுப் புள்ளதான் ஆத்தா, ஒருத்தன் உன் வாசப்படி மிதிக்கமாட்டான்" என்று என் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான். சொன்னபடி யாரும் மிதிக்கவில்லை. அடுத்த தெருவில் மூன்று வீடுகளை எரித்தார்கள், நம் வீட்டை விட்டுவிட்டார்கள். கல்லறையில் ஃபிதென்சியோவுக்குப் பக்கத்தில் உன் பெயர் போட்டு இரும்புச் சிலுவை நட்டிருக்கிறான், அவன் செலவு.

அதனால் நீ வர முடியாது கண்ணே. செத்தவன் பேருந்தில் வந்து இறங்க முடியாது. ஊர் எல்லையில் உன்னைப் பார்த்த அன்றே உன்னையும் சுடுவான், பொய்ச் சிலுவைக்கு முன்னால் அவனை அழவைத்ததற்காக எங்களையும் சும்மா விடமாட்டான். ஹுவாரெஸில் அறையை விட்டு வெளியே போகாதே, டெனீஸை உடன் வைத்துக்கொள், முத்திரை விழுந்ததும் வடக்குப் பக்கம் பார்த்து நட, தெற்கே திரும்பாதே. தானாவது அங்கே வந்து உன்னை ஒரு பார்வை பார்க்கலாம் என்று அப்பா துடிக்கிறார், ஆனால் ஊரை விட்டுப் போகிறவர்கள் எங்கே, யாரைப் பார்க்க என்று எல்லையில் சொல்ல வேண்டும், அவர் வாயில் பொய் நிற்காது. எங்களில் ஒருவர் செத்துப்போனாலும் வராதே. இந்த நவநாள் கதையையும் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறேன், வக்கீலம்மா அதை அடிக்கக் கூடாது. டெனீஸ் உன்னோடு இங்கே குடிவந்தால் யாருடைய பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்வாள் என்பதை அந்த அதிகாரியே சொல்லட்டும்.

மன்னிப்பு கிடைக்கும், மனதைத் தளரவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, வயிற்றுப்புண்ணோடு மிளகாய் தின்னாதே, டெனீஸிடம் குரலை உயர்த்தாதே, உன்னைக் காப்பாற்றப்போவது அவள் கண்ணீர்தான். ஆம்பாரோ சித்திக்கு மறந்தும் ஒரு வரி எழுதிவிடாதே. மாதா உங்கள் இருவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு.

மறக்காமல் இன்னொன்று. கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறேன், முடி கொட்டுகிறது, படம் எடுத்து அனுப்பவா என்று கேட்டிருந்தாய். அனுப்பாதே. கல்லறைத் திருநாள் வருகிறது, பீடத்தில் உன் பத்தொன்பது வயதுப் படத்தைத்தான் வைத்திருக்கிறோம், தவளை வந்து அதற்குத்தான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான், வேறு படம் இந்த வீட்டில் இருக்கக் கூடாது. முடி எங்கிருந்து கொட்டுகிறது, அப்பாவைப் போல நெற்றியிலிருந்தா, உன் மாமாவைப் போல உச்சியிலிருந்தா, அதை மட்டும் இரண்டு வரி எழுது. படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

உன் அம்மா,
ஒதிலியா