நாற்பத்தொரு பேரின் காதுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதக் கை தானாகப் போகிறது, படுக்கையில் விழவில்லை என்ற அளவில் அது உண்மையும்கூட. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் தாளை எடுத்தாள் என்று நினைப்பாய். போன ஞாயிறு நீ சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான் எடுத்தேன். ஆறு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். தாள் குறுக்கே பேசாது.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் அதே டப்பா கம்பெனியில் பேக்கிங் மேஜையில் நிற்கிறேன், அப்பா அதே மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் தகரம் அடிக்கிறார். எனக்குக் குதிகால் வலி, சாயங்காலம் வீட்டுப் படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றுவிடுகிறேன். அப்பா டிவியை வைக்கிற சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் தனியாக டிவி வாங்கத் தேவையே இல்லை என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, உன்னிடம் இத்தனை மாதம் மறைத்த காரணம்.

நீ அங்கே படிப்போடு ஆராய்ச்சியும் சேர்த்து, ஈரம் கசியும் அந்தக் குடியிருப்பில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாயே, அதே சமயம் உன்னைப் போலவே வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த ஐந்து பிள்ளைகள் இங்கே எங்கள் கம்பெனி வாசலில் ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மிஷின் சத்தம் தொழிலாளிகளின் காதை என்ன செய்கிறது என்று பார்க்கப் போகிறார்களாம். வேனுக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். நம் ஆட்கள் ஒருவரும் போகவில்லை. காதுல கோளாறுன்னு எழுதி வேலைக்கு உலை வைக்கவா என்று கேட்டார்கள். இரண்டு நாள் அந்தப் பிள்ளைகள் வெறும் வேனைக் காவல் காத்தார்கள். அவர்களில் ஒல்லியாக ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், உச்சி வெயிலில் படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். முதல் வாரம் பதினான்கு கதவை முகத்தில் அடித்தாற்போல் மூடினார்கள் என்று நீ போனில் அழுதது ஞாபகம் வந்தது. என் பெண்ணும் எங்கோ யார் வீட்டு வாசலிலோ இப்படித்தானே நிற்பாள் என்று மனசு கேட்கவில்லை. நானே ஒவ்வொரு மிஷினாகப் போய்க் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதற்காக நாற்பத்தொரு பேர் போய் உட்கார்ந்தார்கள். அப்பாவும் போனார். பிரஸ் பிரிவில் ஓயாமல் பேசுவானே, எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுவோமே, அவனும் போனான். எட்டு வாரத்தில் அந்தப் பிள்ளைகள் படமெல்லாம் எடுத்துக்கொண்டு, கட்டிப்பிடித்து அழுது, கிளம்பிவிட்டார்கள். ஒல்லிப் பெண் எனக்கு ஒரு பேனா கொடுத்தாள், அதில்தான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. என் காது எப்படிக்கா, என்ன எழுதியிருக்காங்க என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பார்கள். வரும் வரும் என்பேன். அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டார்கள். அவர்கள் போன ஐந்தாம் மாதம் கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி பின்னோக்கி வந்தது. ஹாரன் அடித்தது, நான் இருந்த இடத்துக்கே கேட்டது. ரேடியோ அதற்கு இடது பக்கத்தைக் காட்டி நின்று யாரிடமோ கதை சொல்லிக்கொண்டிருந்தான், நகரவில்லை. வண்டி இடித்துத் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, ஹாரன் அடிச்சானாமேக்கா, எனக்குக் கேக்கவே இல்லியே என்று அவன் சின்னப் பிள்ளை மாதிரி ஆச்சரியப்பட்டான். அவன் மனைவி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். திட்டவில்லை. அன்னிக்கு வேன்ல உக்கார வெச்சுப் பாத்தாங்களே, அதுல தெரியலியாக்கா, நீங்க கூப்பிட்டீங்கன்னுதானே போனாரு என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மருந்துக் கடைக்காரரிடம் சொல்லி, அவர் கம்ப்யூட்டரில் அந்தப் பிள்ளைகளின் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போட்டேன். கட்டுரை அடுத்த வருஷம் வெளிவரும், அதில் பெயர்கள் இருக்காது, எண்கள்தான் இருக்கும் என்று ஏதோ ஆறுதல் மாதிரி பதில் வந்தது. எண்ணை வைத்துக்கொண்டு ரேடியோவின் மனைவிக்கு நான் என்ன சொல்ல? மறுபடி போட்டேன். மூன்றாவது கடிதத்துக்கு அந்த ஒல்லிப் பெண்ணே எழுதினாள். அவரவர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அவரவர் முடிவைத் தரப் பல்கலைக்கழகத்தில் சம்மதம் வாங்கிவிட்டாளாம். இது எங்களுக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். மன்னிப்பதா வேண்டாமா என்று யோசிக்க எனக்கு நேரம் இல்லை. வேலை விட்டதும் தாளைத் தூக்கிக்கொண்டு நாற்பத்தொரு வீடும் ஏறி இறங்கினேன். இரண்டு பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். மூன்று பேர், போதும்மா உன் சமூக சேவை என்று கதவைச் சாத்தினார்கள். மிச்சம் முப்பத்தாறு கையெழுத்து. குதிகால் வலி அப்போது பிடித்ததுதான்.

பத்தொன்பது நாளில் முடிவுகள் வந்தன. ஏழு பேருக்குக் காது மோசம். ரேடியோவின் இடது காது ஏறக்குறைய முழுசாகப் போயிருக்கிறது. அவன் சீட்டில் இருந்த தேதி விபத்துக்கு ஐந்து மாதம் முந்தையது. அந்தத் தேதியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. இன்னொன்று, அந்த ஏழு பேரில் உன் அப்பாவும் ஒருவர். நீ போனில் பேசும்போதெல்லாம் ம், ம், சரிடா கண்ணு என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுப்பாரே, பாதி அவருக்குக் கேட்பதே இல்லை. நீ வருத்தப்படுவாய் என்று சமாளித்திருக்கிறார். அவருடைய சீட்டைப் படித்துக் காட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு, ரேடியோவின் சீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, நேராக மேனேஜர் அறைக்குப் போய்விட்டார். பஸ்ஸில் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிற மனுஷன். உள்ளே என்ன பேசினீங்க என்று கேட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கல, அதனால நான் மட்டும்தான் பேசினேன் என்றார்.

இப்போது எல்லோருக்கும் காது மூடி கொடுத்திருக்கிறார்கள். சரக்கு வண்டியில் மஞ்சள் விளக்குச் சுழல்கிறது, தரையில் கோடு போட்டிருக்கிறார்கள். யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. ரேடியோ ஊன்றுகோலோடு வந்து என் மேஜையில் உட்கார்ந்து டப்பா மூடி எண்ணுகிறான், வாய் மட்டும் ஓயவில்லை. கெட்டிக்காரிக்கா நீங்க என்கிறார்கள். ரேடியோ அடிபடுவதற்கு முன்னாடியே கடிதம் போட எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் எனக்கு ஓடுகிறது. அசதியாக இருக்கிறது கண்ணு, தூங்கினாலும் போகாத அசதி.

இப்போது உன் விஷயம். நூற்றிருபது வீடும் முடிந்தது, சுவரில் ஈரம் அளந்தாயிற்று, குழந்தைகளைக் குழாயில் ஊதச் சொல்லி மூச்சையும் அளந்தாயிற்று, பேராசிரியர் பாராட்டினார், பதினான்காம் தேதிக்கு ஊருக்கு டிக்கெட் என்று போன ஞாயிறு சொன்னாய். அந்த வீட்டுக்காரர்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அதெல்லாம் எங்க வேலை இல்லம்மா, ரிப்போர்ட் வரும் என்றாய். நீ கல்நெஞ்சக்காரி இல்லை, எனக்குத் தெரியும். அந்த ஒல்லிப் பெண்ணும் இல்லை. உங்களுக்கு அடுத்த பரீட்சை, அடுத்த ஊர் என்று ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் நாலாம் மாடியில் ஒருத்தி உன்னை நாற்காலி துடைத்து உட்காரவைத்து, சுவரில் இருக்கிற கறுப்பால்தான் பிள்ளைக்கு இருமலா என்று கேட்டாள் என்றாயே. உனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் பிள்ளையை அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் தூங்க வைத்துக்கொண்டிருப்பாள்.

ஆகையால் பதினான்காம் தேதி வராதே. பேராசிரியரிடம் முறைப்படி கேள், கையெழுத்து வேண்டுமென்றால் வாங்கு, நூற்றிருபது வீட்டுக்கும் மறுபடி ஏறி அவரவர் முடிவை அவரவர் கையில் கொடுத்துவிட்டு வா. ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகட்டும். இதை எழுத எனக்குக் கை வரவில்லை என்று உனக்குத் தெரிந்தால் போதும். உன் அறைக்கு அப்பா தானே வெள்ளையடித்துத் திரைச்சீலைக் கம்பியும் மாட்டி வைத்திருக்கிறார்.

இதுவரை எழுதியதை அவருக்கு வலது காதுப் பக்கம் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன், தெருவுக்கே கேட்டிருக்கும். எழுந்து போய் உன் அறைத் திரைச்சீலைக் கம்பியை இழுத்துப் பார்த்தார். கேட்கவில்லையோ என்று மறுபடி படிக்கப் போனேன். கேட்டுச்சு, கேட்டுச்சு என்று கையமர்த்தினார். அவ வந்தா நல்லாத்தான் இருக்கும், ஆனா நாலாம் மாடிக்கு முதல்ல போகச் சொல்லு, நான் எங்க போயிடப் போறேன் என்றார்.

உனக்கு எல்லா நலமும் வரட்டும், நீ ஏறுகிற படியெல்லாம் உனக்கு நல்ல படியாகட்டும். டிக்கெட் தேதியை மாற்றியதும் சொல். போனில் அப்பாவிடம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா