படிக்காமல் போட்ட விரல்

மைசூரு,
3-3-2025

தருண் மச்சானுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன், காலையில்தான் பார்த்தேன். நேரில் பேசினால் போனைப் பார்த்தபடி தலையாட்டுகிறீர்கள். அதனால் காகிதத்தில் எழுதி உங்கள் லாக்கரில் போடுகிறேன்.

சனிக்கிழமை ஷிஃப்ட் குரூப்பில், மூன்றாம் மோட்டாருக்குக் கரண்ட் நிறுத்தியாச்சா என்று கேட்டேன். பேனல் ரூமிலிருந்து நீங்கள் சரி என்று கட்டைவிரல் படத்தைப் போட்டீர்கள். நான் கை வைக்கப் போனேன். ஃபிட்டர் ரத்தினவேல் அண்ணன்தான் தடுத்தார். "தம்பி, அந்த வெரல நம்பாத. டெஸ்டர வெச்சுப் பாரு." வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது, கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டிலும் இதே கதை. ஊரிலிருந்து, மார்டள்ளியிலிருந்து, வந்த அப்பா தன் நெஞ்சுவலியைச் சொல்லும்போது நீங்கள் ரீல்ஸ் பார்த்துச் சிரித்தீர்கள். பஸ் ஸ்டாண்டில் அவர், "மாப்பிள்ளைக்கு வேல சாஸ்தியாட்ட இருக்குது" என்று உங்களுக்காகவே பேசினார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இனி டூட்டியில் உங்கள் போன் லாக்கரில் இருக்கட்டும்.

தீபா அக்காவுக்கு ஏழாம் மாதம் என்பதால்தான் ஆபீசில் சொல்லவில்லை.

கவின்ராஜ்

5-3-2025

அன்பு மாப்பிள்ளை கவினுக்கு,

ஒரே ஃபேக்டரியில் இருந்துகொண்டு கடிதமா? தீபாவிடம் காட்டினால் சிரிப்பாள். அன்றைக்குக் குரூப்பில் நாற்பது மெசேஜ். எல்லாவற்றுக்கும் விரலைப் போட்டுவிட்டு அப்புறம்தான் படிப்பேன், உன் கேள்வி விட்டுப்போச்சு. இனி நடக்காது. மாமாவுக்கும் போன் பண்ணிப் பேசுகிறேன். கோபத்தை விட்டுவிட்டு ஒருநாள் சாப்பிட வா.

உன் மச்சான்,
தருண்குமார்

12-3-2025

மச்சான்,

போன் இன்னும் உங்கள் கையில்தான். அப்பாவிடமும் நீங்கள் பேசவில்லை. அது கிடக்கட்டும்.

வரும் ஞாயிறு மெஷின்களை நிறுத்தி வேலை. பத்து மணிக்கு மிக்சர் தொட்டிக்குள் நான் இறங்கி சென்சார் மாற்ற வேண்டும். பிளேடு என் தோளிலிருந்து ஒரு சாண். பேனலில் உங்களுக்குத்தான் டூட்டி. எந்த ஸ்விட்சை இறக்குவீர்கள்? பூட்டிச் சாவியை என் கையில் தருவீர்களா? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

கவின்ராஜ்

13-3-2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாம் நீ சொன்னபடியே. கவலைப்படாதே. ஞாயிறு ஃபேக்டரி நிறுத்தமாமே. தீபாவை நஞ்சன்கூடு கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன். பத்து மணிக்கு நீயும் அங்கே வந்துவிடு.

தருண்குமார்

15-3-2025

மச்சான்,

நான் பிளேடுக்கு அடியில் கிடக்க வேண்டிய பத்து மணிக்கு என்னைக் கோயிலுக்குக் கூப்பிடுகிறீர்கள். கடிதத்தைப் பிரித்திருக்கிறீர்கள். படிக்கவில்லை.

உங்கள் இரண்டு கடிதங்களையும் இன்று மேனேஜரிடம் கொடுத்தேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல், "நோடோணப்பா" என்றார். பார்க்கலாமாம். வேலையைத் தள்ளிப்போட முடியாதாம். டூட்டிப் பட்டியலில் உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது.

நாளைக்குத் தொட்டிக்குள் எனக்குப் பதிலாக ரத்தினவேல் அண்ணன் இறங்குகிறார். நான் ஸ்விட்சை இறக்கி, என் சொந்தப் பூட்டைப் பேனலில் போட்டு, அவர் ஏறி வரும்வரை அதன் முன்னால் நிற்பேன்.

அக்காவிடம் நானே சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

நீங்கள் கோயிலுக்கே போங்கள். டூட்டி ஞாபகம் வந்து திரும்பினால் பேனல் ரூமுக்குள் விடமாட்டேன். நாளைக்கு மட்டுமில்லை.

கவின்ராஜ்