கம்பி வைத்த இரண்டு கட்டில்கள்

மேற்கு மாம்பலம்,
புதன்கிழமை.

அன்பு மகள் ஸ்வர்ணலதாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஹரியும் பேரன் முகிலனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை தன்னால் போகிறது, எழுதியதாகவே இருக்கட்டும், மீதியைக் கீழே படித்துத் தெரிந்துகொள். போன் இருக்கும்போது அப்பாவுக்கு என்ன கடிதாசி வேண்டிக் கிடக்கிறது என்று நினைப்பாய். போன் அடித்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறாள், அவளுக்குத் தெரியாமல் உன்னோடு ஒரு வார்த்தை பேச இந்த வீட்டில் வழியில்லை. இங்கே வரும்போது கிண்டியில் தங்கட்டுமா என்று நீ கேட்டு அனுப்பியபோது நல்லவேளையாகக் குளித்துக்கொண்டிருந்தாள், படித்த கையோடு அழித்துவிட்டேன். மாடி வீட்டு கஸ்தூரிரங்கன் ஞாயிற்றுக்கிழமை மகனைப் பார்க்க மெல்போர்ன் கிளம்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அம்மா மோர்மிளகாய் ஒரு பொட்டலம் கட்டி வைத்தாள், உங்கள் ஊர் கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவர் வாங்க மறுத்துவிட்டார், ஆகையால் கடிதம் மட்டும்தான் வரும்.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாக நடக்கிறேன் என்று அம்மா உன்னிடம் சொல்வது பாதிதான் நிஜம். பகலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வந்து, நான் வைக்கும் குழம்பில் புளி கூடிவிட்டது என்று சொல்லும் அளவுக்கு நடக்கிறாள். ஆனால் தூக்கத்திலிருந்து எழும்போது இடுப்பு உடைந்ததே அவளுக்கு ஞாபகம் இருப்பதில்லை, பழையபடி விருட்டென்று இறங்கிவிடுகிறாள். போன மாதம் ஒரு விடியற்காலையில் பால் பாக்கெட் எடுக்க என்று இறங்கி, கட்டில் ஓரத்திலேயே விழுந்துவிட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள், இப்போது மீறுகிறேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, டாக்டர் மட்டும் பிடிபிடி என்று பிடித்துவிட்டார், இன்னொரு முறை விழுந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, இரண்டு பக்கமும் கம்பி வைத்த கட்டில் போடுங்கள் என்றார். சப்வே பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில், வீல்சேர் எல்லாம் வாடகைக்குத் தரும் கடை இருக்கிறது, மறுநாளே எடுத்து வந்துவிட்டேன். கட்டில் வந்ததே தவிர, கம்பியைத் தூக்கி மாட்ட உன் அம்மா விட்டால்தானே. என்னைய என்ன மாட்டுத் தொழுவத்துலயா அடைக்கிதிய, நான் என்ன பச்சப் புள்ளையா என்று ஒரே பிடிவாதம். அசந்த பிறகு மெதுவாகத் தூக்கி மாட்டினால் அந்தச் சத்தத்துக்கு விழித்துக்கொண்டு இறக்கச் சொல்கிறாள். கடைசியில் நான் அவள் கட்டிலை ஒட்டித் தரையில் பாய் போட்டுப் படுத்தேன், இறங்கினால் என் மேல்தான் இறங்க வேண்டும். இரண்டு தடவை இறங்கியும்விட்டாள், என் விலா எலும்பு இன்னும் வலிக்கிறது. அவள் புரண்டால் எனக்கு விழிப்பு வருகிறது, புரளாவிட்டால் ஏன் புரளவில்லை என்று விழிப்பு வருகிறது. ரங்கநாதன் தெருப் பாத்திரக் கடையில் தீபாவளிக்கு முந்தின வாரமெல்லாம் நின்றபடியே வியாபாரம் பார்த்தவன் நான், அப்போதுகூட உடம்பு இப்படி அலுத்ததில்லை லதா. காலையில் பேப்பரைப் பிரித்தால் எழுத்துகள் ஊர்கின்றன, அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தேன் என்று நிற்கிறேன்.

இந்த நிலைமையில்தான், நீங்கள் இங்கே வந்து இருக்கும்போது முகிலனைத் தூங்க வைக்க என்னென்ன வேண்டும் என்று நீ அனுப்பினாய். தனிக் கட்டில் வேண்டும், அறை இருட்டாக இருக்க வேண்டும், தலையணை போர்வை கூடாது, அழுதாலும் யாரும் ஓடிப்போய்த் தூக்கக் கூடாது, இரைச்சல் போடும் மிஷின் ஒன்றை நீயே கொண்டு வருகிறாய். உன்னைக் கேலி செய்யவில்லை, புது இடத்தில் தூங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடுவது என்னவென்று உன்னை வளர்த்தவனுக்குத் தெரியும், நெல்லை எக்ஸ்பிரஸில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கும் கழிவறைக்குமாக விழுப்புரம் வரைக்கும் நடந்திருக்கிறேன். அந்தக் கடையிலேயே குழந்தைக் கட்டிலும் வாடகைக்கு உண்டு, சொல்லி வைத்தேன். அது வந்து இறங்கிய அதே காலையில்தான், மாப்பிள்ளை கிண்டியில் சர்வீஸ் அபார்ட்மெண்ட் பார்த்திருக்கிறார், அம்மாவுக்கும் தொந்தரவு இருக்காது, முகிலனும் தனி அறையில் தூங்குவான், அங்கே தங்கட்டுமா அப்பா என்று நீ கேட்டாய். உண்மையைச் சொல்கிறேன், படித்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. இன்னும் மூன்று பேருக்குச் சமைத்து, பிள்ளை அழும் சத்தத்தில் அம்மா எழுந்து ஓடாமல் பார்த்து, அதையெல்லாம் நினைத்தாலே மலைப்பாக இருந்தது. சரி என்று பதில் போடப் போனேன். அதற்குள் கட்டில் கொண்டு வந்த பையன் பெல் அடித்துவிட்டான்.

தமிழ்மாறன் என்று பெயர், அம்மாவின் கட்டிலைக் கொண்டு வந்ததும் அவன்தான். இன்னா சார், பெரியவங்களுக்கும் நம்ம கட்டிலு, கொயந்தைக்கும் நம்ம கட்டிலா, ஒரே வூட்ல ரெண்டு கம்பிக் கட்டிலு இப்பத்தான் போடறேன் என்று சிரித்துக்கொண்டே படுக்கை அறையில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டினான். ஏசி உள்ளது அந்த ஒரு அறைதானே. அம்மா வாக்கரோடு வந்து நின்று மேற்பார்வை பார்த்தாள். கம்பியைப் பிடித்து ஆட்டினாள், ஒரு போல்ட் லொடலொடக்கிறது, பிள்ளை சாய்ந்தால் கழன்று விழும் என்று அவனைத் திரும்ப முடுக்க வைத்தாள், கம்பிகளுக்கு நடுவில் கை மாட்டுமா என்று தன் கையையே விட்டுப் பார்த்தாள். அன்றைக்குப் படுக்கப் போகையில் நான் வழக்கம்போலப் பாயை விரித்தேன். அவள் மேலே பார்த்துக்கொண்டே, அந்தக் கம்பியத் தூக்கி மாட்டுங்க என்றாள். எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று ஆகிவிட்டது. ஏன் என்றேன். அந்தப் பய இந்தக் கம்பிக்குள்ள படுப்பான், ஆச்சி மட்டும் தொறந்து போட்டுப் படுத்தா அவனும் எறக்குன்னுல்லா அழுவான், இப்பமே பழகிக்கிடுதேன் என்றாள். அவள் மனதை மாற்றிக்கொள்வதற்குள் இரண்டு பக்கமும் தூக்கி மாட்டிவிட்டு, கூடத்தில் என் கட்டிலில் போய்ப் படுத்தேன். மறுநாள் பால்காரர் பெல் அடித்துத்தான் எழுந்தேன். எழுந்ததும் பயந்துபோய் ஓடினேன், அவள் கம்பியைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்து, நான் கூப்பிட்டாத்தான் வந்து எறக்கிவிடுவியளோ என்று திட்டினாள். அன்று முதல் நான் தூங்குகிறேன். வெறும் தூக்கம்தான், ஆனால் அதைப் பற்றி நினைத்தால் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது, வயசாகிவிட்டது போலிருக்கிறது.

இப்போது என் கஷ்டம் உனக்குப் புரிந்திருக்கும். முகிலன் இங்கே தூங்கப் போவதில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே கம்பி இறங்கிவிடும், நான் பாய்க்குப் போய்விடுவேன், எப்போதாவது ஒரு நாள் அசந்துவிட்டேன் என்றால் அவ்வளவுதான். அதற்காகக் கிண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி அங்கேயே தங்குங்கள், அதில் எனக்கும் சௌகரியம். மதியத் தூக்கத்துக்கு மட்டும் அவனை இங்கே கொண்டு வா. ஜன்னலுக்குப் பழைய பெட்ஷீட்டை ஆணி அடித்து இருட்டாக்கிவிடுகிறேன், குக்கர் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன், காலிங் பெல் ஒயரைக் கழற்றிவிடுகிறேன். இரைச்சல் மிஷின் வேண்டாம், நம் வீட்டு ஃபேன் அதைவிட நன்றாகவே போடும். அம்மா தன் மெத்தென்ற நூல் புடவை ஒன்றை நாலாக மடித்து அந்தக் கட்டிலில் விரித்திருக்கிறாள், போர்வை கூடாது என்று இரண்டு முறை எடுத்தேன், திரும்பவும் விரித்துவிட்டாள், அதை நீதான் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் அவனுக்குக் காது அடைக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் குடிக்க ஏதாவது கொடு. அவன் அங்கே படுக்கும் விரிப்பைத் துவைக்காமல் அப்படியே கொண்டு வா, பழகிய வாசனை இருந்தால் பிள்ளைகள் சீக்கிரம் அசந்துவிடும். மாப்பிள்ளை முதுகுவலியோடு சூட்கேஸ் தூக்க வேண்டாம், ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன், தூக்க ஆள் பார்த்துவிடலாம். கிண்டி விஷயத்தை நான் சொல்லப் போவதில்லை, நீயும் போனில் சொல்லிவிடாதே, அவன் அந்தக் கட்டிலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு நேரில் சொல், கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் வந்து சேர வேண்டும், திருச்செந்தூரானை வேண்டிக்கொண்டிருக்கிறேன், முகிலனுக்கு என் முத்தங்கள், மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீங்கள் ஊர் திரும்பினாலும் சின்னக் கட்டில் இங்கேயே இருக்கட்டும் என்று கடையில் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். வீடியோ காலில் அவன் தினமும் ஆச்சியிடம் மழலையில் பேசுகிறானே, முடிக்கும்போது, ஆச்சி கம்பி போட்டாச்சா என்று கேட்கப் பழக்கிவிடு. நான் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவன் கேட்டால் போட்டுக்கொள்வாள். எனக்கும் தூங்க வேண்டும் லதா.

உன் அப்பா,
ஜவஹர்.