உங்கட நோட்ஸை உங்களைக் கேட்காமல்

கோபம் வந்தாலும் முழுக்கக் கேட்டுவிட்டே வாய் திறக்கிற என்ரை அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாலு வருசம். இன்றைக்கும் உங்களோடு வாதாடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். ஸ்பிரிங்வேலில் ரயில் ஏறின ஒரு அன்ரி என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு வேறு பெட்டிக்குப் போனா.

யாழ்ப்பாணத்தில் ரியூட்டரி நடத்தி, இரசாயனவியல் நோட்ஸ் விற்று எங்களை வளர்த்தீர்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு சிட்னியில் பகலெல்லாம் தொழிற்சாலை. சனி ஞாயிறு லிட்கம் வீட்டுக் கராஜில் வகுப்பு. அங்கேயும் நோட்ஸை ஒருவரையும் கொப்பியெடுக்க விடவில்லை. உங்கட மகள் மெல்பேர்னில் கல்வி ஆய்வாளராகி, ஆசிரியர்கள் பாடங்களை இணையத்தில் திறந்துவிட வேண்டும் என்று ஊர் ஊராய்ப் பேசித் திரிந்தாள்.

"அப்ப ஆர் வேணுமெண்டாலும் எடுக்கலாமோ?"

"ஓம் அப்பா."

"மாத்தவும் செய்யலாமோ?"

"ஓம்."

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனீர்கள்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "என்ரை நோட்ஸை மட்டும் ஒருத்தருக்கும் குடுத்திடாதை, பிள்ளை" என்றீர்கள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதை நீங்கள் கவனித்தீர்களா?

போன மாதம் சிவநேசனிடமிருந்து ஈமெயில் வந்தது. யாழ்ப்பாணத்தில் உங்களிடம் படித்த பழைய மாணவன், இப்போது வவுனியாவில் ஆசிரியர். பாடப்புத்தகம்கூட இல்லாத பிள்ளைகளாம். "சேரின்ரை நோட்ஸ் உங்களிட்டை இருக்கெண்டு கேள்விப்பட்டன் அக்கா. இணையத்தில போட்டா எல்லாரும் எடுத்துப் படிப்பிப்பம்."

எத்தனை ஆசிரியர்களிடம் "கொடுங்கள், குறையாது" என்று சொன்னவள் நான். அவனுக்கு ஒரு வரி பதில் எழுத முடியவில்லை. நித்திரையும் இல்லை. கடைசியில் சிட்னிக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். குசினியில் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தா.

"அப்பா வேண்டாமெண்டு சொன்னவர், அம்மா."

"அந்தாள் வித்தது உங்களை வளர்க்க. வளர்ந்திட்டியள்தானே." வெட்டின போஞ்சியைச் சட்டியில் போட்டா. பிறகு, "பிழை விடாமல் ரைப் பண்ணு. இல்லாட்டி என்னட்டை வந்து புறுபுறுப்பார்" என்றா.

முதல் பாடத்தைத் தட்டச்சு செய்து, உங்கட பெயரை மேலே போட்டு, எவரும் மாற்றக்கூடிய ஓர் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். அந்தக் கிழமையே சிவநேசன் அதை மாற்றிவிட்டான். செப்புச் சல்பேற்றின் நீலப் பளிங்கைச் சூடாக்கி வெள்ளையாக்கும் பரிசோதனையில், "பன்சன் சுடரடுப்பு" என்று நீங்கள் எழுதிய இடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பும் பழைய கரண்டியும். "எங்களிட்டை அதுதான் இருக்கு, அக்கா. பிள்ளையள் தாங்களே செய்து பாத்தவை."

எனக்குச் சுருக்கென்றது, அப்பா. இத்தனை வருசம் மேடை போட்டுச் சொன்னதுதான் நடந்தது. ஆனாலும் உங்கட வசனத்தில் இன்னொருவர் கை வைத்ததைத் தாங்க முடியவில்லை. பழைய வசனத்தையே திரும்பப் போடலாம் என்று விசைப்பலகை வரைக்கும் போனேன். பளிங்கு வெளுப்பதைப் பார்த்த அந்தப் பிள்ளைகளை நினைத்தேன். கை எழவில்லை. உங்களுக்கு இருந்தது இந்த வலிதானா? காசு பற்றியது என்றே இவ்வளவு காலமும் நினைத்தேனே.

நீங்கள் சம்மதித்ததாக ஒருவரிடமும் சொல்லமாட்டேன். சம்மதிக்கவில்லை என்பதையும் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். மிச்சப் பாடங்களையும் ஏற்றுவேன். அவன் மாற்றினதில் கை வைக்கமாட்டேன்.

சொல்லுக் கேளாத உங்கட மூத்த பிள்ளை,
வதனி