நான் இணைத்துவிட்ட கோடு

அன்புள்ள நண்பருக்கு,

இன்று காலை மசிப்புட்டியைத் தேடி மேஜையின் அடி டிராயரைத் திறந்தேன். உமது கல் கையில் பட்டது. நீர் வெள்ளைச் சாயத்தில் எழுதிய எண் இன்னும் அழியவில்லை. மஞ்சளாய் மினுங்கும் செம்புத் தாதுக் கீற்று ஒன்று, அதன் குறுக்கே கறுப்புப் பாறைப் பட்டை. பட்டையைத் தொட்டதும் கீற்று நின்றுபோய், மறுபக்கத்தில் விரற்கடை தள்ளித் தொடர்கிறது.

பவானிபூர் மெஸ்ஸில் ரசம் ஆறுவதைக்கூடக் கவனியாமல் இதைத்தான் பேசுவீர். நீர் காடுமேடெல்லாம் போய்ப் பாறை பார்க்கிறவர். நான் ஆபீசில் உட்கார்ந்து படம் போடுகிறவன். எனக்குப் புரியவைக்க அப்பளத்தை உடைத்துக் காட்டுவீர்.

"வெட்டினதுதான் ஓய் பின்னால வந்தது. வெட்டுப்பட்டது அதுக்கு முன்னாடியே அங்க இருந்திருக்கணும்."

அடியிலிருந்து உருகி வந்து உறைந்த கறுப்புப் பாறைதான் செம்பைக் கொண்டுவந்தது என்பது நம் ஆபீஸ் துரையின் கட்சி. செம்பு அதற்கும் மூத்தது, பாறை பிற்பாடு வந்து அதை அறுத்தது, ஆகையால் பாறையைத் தொடர்ந்து தோண்டிப் பயனில்லை என்பது உமது கட்சி. டிராமில் தொங்கிக்கொண்டு வரும்போதும் விடமாட்டீர்.

சிங்பூம் காட்டிலிருந்து நீர் அனுப்பிய பென்சில் படத்துக்கு மசி போட்டவன் நான். "நீர் படம் வரையல ஓய், கோலம் போடறீர்" என்று கேலி செய்வீரே, அந்தக் கைதான். தாதுக் கோடு பட்டையருகே அறுந்து தள்ளிக் கிடந்தது. மாட்டு வண்டியில் உட்கார்ந்து வரைந்திருப்பீர், கை ஆடியிருக்கும் என்று நினைத்தேன். ஒரே இழுப்பில் அழகாக இணைத்துவிட்டேன். பிறகு வழக்கப்படி ரொட்டித் துண்டால் பென்சில் கோட்டைத் தேய்த்து அழித்ததில் சாட்சியும் போயிற்று. என் படத்தில் செம்பு பாறையை அறுத்துக்கொண்டு போனது, செம்பு இளையதாகிவிட்டது. உம் படமே உம்மை மறுக்கிறதே என்று துரை அறிக்கையைத் திருப்பினார்.

நீர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அத்தாட்சி கொண்டுவருகிறேன் என்று, கொட்டுகிற மழையில் அதே காட்டுக்குத் திரும்பிப் போனீர். மூன்று வாரம் கழித்து இந்தக் கல்லோடும் காய்ச்சலோடும் வந்தீர். கல்லை என் மேஜையில் வைத்தீர்.

"கல்லு எப்படி இருக்கோ, அப்படியே போடும்."

அவ்வளவுதான் சொன்னீர். துரை ஒத்துக்கொண்டார். உமது அறிக்கை அச்சேறியது, காய்ச்சல் இறங்கவில்லை. என்னால்தான் என்று சொல்லக் கொயினா மருந்தோடு மூன்று நாள் உம் கட்டிலருகே நின்றேன். மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நான்காம் நாள் கேட்பதற்கு நீர் இல்லை. இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் காய்ச்சல் எங்கும்தானே இருந்தது என்று மெஸ்ஸில் ஆறுதல் சொல்கிறார்கள். எது முன், எது பின் என்று பார்க்கச் சொன்னவர் நீர். பார்த்துவிட்டேன். முதலில் என் கோடு. அதன்பின் உமது பயணம். அதன்பின்தான் காய்ச்சல்.

இப்போதும் அறுந்த கோடு வந்தால் கை இணைக்கத் துடிக்கிறது. பேனாவை வைத்துவிட்டு, வரைந்தவருக்கு எழுதிக் கேட்கிறேன். பதில் வரும்வரை அந்த இடத்தில் மசி போடுவதில்லை. அன்று உமக்கு ஒரு கார்டு எழுதிக் கேட்காதவன், இன்று இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.